கப்பலில் வந்த திருகாணிகள்

என் வலது இடுப்பில் இப்பொழுது உலோகம் எதுவும் இல்லை. முன்பு ஒன்று இருந்தது; இனி வேறொன்று வரவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த வெற்று நாள்களில், காலில் எடை கட்டித் தொங்கவிட்ட கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, மார்பின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என் இடுப்பைப் பற்றி இராயபுரத்தில் ஒரு கதை உலவுகிறது. மருத்துவமனையார் மட்டமான தகட்டை வைத்து என் காலைக் கெடுத்தார்கள் என்பது அக்கதை. அது பொய் என்று தெரிந்த பின்னும் வாய்மூடிக் கிடப்பது முறையன்று.

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அடைமழை பெய்த ஒரு மாலை, தொடர்வண்டி நிலையத்து மேம்பாலப் படிகளில் கால் வழுக்கியது. விழுந்தவுடன் வலியில்லை, எழ முயன்றபோதுதான் வலக்கால் எனக்குச் சொந்தமானதுபோல் தோன்றவில்லை. பாதம் தானாகவே வெளிப்புறம் திரும்பிக் கிடந்தது. காசிமேட்டிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவந்த கைவண்டியிலிருந்து சரக்கை இறக்கிவிட்டு, அதில் என்னைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். மீன்வாடையும் குளிரும் சூழ மருத்துவமனை வாயிலை அடைந்தேன்.

எலும்பு மருத்துவத் துறையின் தலைவரை எல்லாரும் 'பெரிய டாக்டர்' என்றே அழைத்தனர். மெலிந்த உருவம், குரல் உயராதவர். எக்ஸ்ரே படத்தைச் சன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, எனக்கும் என் மனைவி பிலோமினாவுக்கும் விளக்கினார். தொடையெலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. இடுப்பெலும்பின் குழிக்குள் அமர்ந்து அது சுழல்வதனால்தான் நாம் நடக்கிறோம். அந்தப் பந்தைத் தொடையெலும்போடு இணைக்கும் கழுத்துப் பகுதி எனக்கு முறிந்திருந்தது. நீண்ட ஆணி ஒன்றைக் கழுத்தின் ஊடே பந்துக்குள் செலுத்த வேண்டும். அவ்வாணியோடு ஒரு தகட்டைப் பிணைத்து, தகட்டைத் தொடையெலும்பின் பக்கவாட்டில் திருகாணிகளால் இறுக்க வேண்டும்.

"எல்லாம் எவர்சில்வர்தான்," என்றார்.

"நம்ம வூட்டுக் குடம் மாதிரியா, டாக்டர்?" என்று பிலோமினா கேட்டாள்.

"அதுக்கு அண்ணன்னு வச்சுக்கங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. குடத்தின் அடியில் ஒருமுறை துரு கண்டதை அவள் மறந்திருக்கவில்லை.

இவ்விடத்தில் சவரிமுத்து வருகிறான். பிலோமினாவின் தம்பி, துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் பகுதியில் உள்ளூர்ப் பொருளை எவரும் நம்பமாட்டார்கள். கப்பலில் வந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். சவரக்கத்தி, கைக்கடிகாரம், டெரிலின் துணி, டிரான்சிஸ்டர், காய்ச்சல் மாத்திரை என யாவற்றிற்கும் துறைமுக வாயிலே கடை. அப்பொருள்களுக்குச் சவரிதான் குடும்பத்தின் வழி. அறுவைக்கு முறை வரும்வரை காலில் எடையோடு நான் காத்துக் கிடந்தபோது, சிங்கப்பூர் வழியாக வந்த கப்பலின் பணியாள் ஒருவன், யாரோ ஒரு தனி மருத்துவர் சொல்லி வாங்கிவந்த எலும்புத் திருகாணிகளில் சிலவற்றை இவனுக்குக் கொடுத்திருக்கிறான். அவற்றைச் சலவைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். பிலோமினா அந்த முடிப்பைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று, மாதா பாதத்தில் வைத்துச் செபித்துவிட்டு, அதன் பின்னரே பெரிய டாக்டரிடம் கொடுத்தாள்.

அவர் தயங்கினார். "எங்ககிட்டயே ஸ்க்ரூ இருக்கும்மா. தகட்டோட சேர்ந்து வந்தது."

"டாக்டரய்யா, உள்ளூர் ஸ்க்ரூ கொழாய்க்கே தாங்கமாட்டேங்குது," என்றான் சவரி. "இவரு வாத்தியாரு. நாளெல்லாம் நின்னுகினே கீறவரு. தங்கத்துல செஞ்சு குடுன்னாகூடக் குடுத்துருவேன். இத்தயாவது போடுங்க."

பிலோமினாவின் கண்கள் நிறைந்துவிட்டன. டாக்டர் ஒரு திருகாணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அதன் தலையில் நுண்ணிய அயல்நாட்டு எழுத்துகள் பொறித்திருந்தன. "நல்ல உலோகம்தான். எங்களோடதைவிட ஒசத்தி," என்று முணுமுணுத்தார். அளவும் பொருந்தியது. வாங்கிக்கொண்டார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. அந்நாள்களின் நினைவு எனக்குத் துண்டு துண்டாகவே இருக்கிறது: ஈதரின் இனிப்பான நெடி, கொக்கியில் ஆடும் குருதிப் புட்டி, புறப்பட்டுப் போகும் கப்பல்களின் ஊதல். பிலோமினா நாள்தோறும் கஞ்சியும் வஞ்சிரக் குழம்பும் கொண்டுவந்து, நான் உண்ணும்வரை பாத்திர மூடியைக் கையில் பிடித்தபடியே நிற்பாள். பட்டறை முடிந்ததும் சவரி வந்து என் முதுகைத் துடைத்துவிடுவான். ஊன்றுகோல்களோடு எழுந்தேன், பின்னர்க் கைத்தடியோடு நடந்தேன், பள்ளிக்குத் திரும்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு கையால் தொடையைத் தட்டி, உள்ளிருக்கும் கப்பல் சரக்கை எண்ணிச் செருக்கடைந்தேன்.

ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்தச் செருக்குக்குக் குறைவில்லை. பிறகு தொடையின் உள்ளே ஒரு கடுப்பு தொடங்கியது. உட்கார்ந்து எழும் முதல் சில அடிகளில் மட்டும் குத்தும், பின் அடங்கும். பிறகு அடங்கவில்லை. வாயில் செப்புக்காசைச் சப்பியதுபோன்ற ஒரு சுவை என்னை விட்டு நீங்கவேயில்லை. அதற்கும் இடுப்புக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் பின்னர்ச் சொன்னார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் பழைய தழும்பு தடித்துச் சிவந்தது. மறுவாரம் அதன் ஓர் ஓரம் திறந்து, நீர் கசிந்தது. அது சீழன்று. வேட்டியில் பட்ட இடம் கரைத்த மைபோலச் சாம்பல் கறுப்பாயிற்று. பிலோமினா அதை எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை.

மீண்டும் அதே மருத்துவமனை. மீண்டும் அதே நீள் பெஞ்சு. குருதி எடுத்தார்கள், கசிவை ஒரு குழாயில் ஏந்திக் கிருமி உண்டா என்று சோதிக்க அனுப்பினார்கள். கிருமி இல்லை. அதுவே எனக்கு முதல் ஐயம். கிருமி இல்லாமல் ஒரு புண் எப்படிக் கசியும்? எக்ஸ்ரே படத்தில் தகட்டைச் சுற்றி எலும்பு மங்கித் தேய்ந்திருந்தது; ஆணி தளர்ந்து சாய்ந்திருந்தது. பந்தும் குருதியோட்டம் இழந்து சுருங்கிவிட்டதாகச் சொன்னார் பெரிய டாக்டர். பிறகு படத்தை வாங்கித் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் படத்தை நோயாளியிடமே கொடுப்பது அங்கு வழக்கம். அது இரண்டாம் ஐயம்.

ஐயத்துக்கு ஓர் உருவம் கொடுத்தவர் பக்கத்துக் கட்டில் தேசப்பன். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். வலைக்கயிற்றில் கால் சிக்கி முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தார். வார்டு முழுவதும் கேட்கும் குரல். கிசுகிசுக்கும்போதும் அதே குரல்தான்.

"வாத்யாரே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைச்சுக்காதே. பாரின் சாமான் குடுத்தியே, உள்ளதான் வச்சானுங்கன்னு பாத்தியா?"

"மயக்கத்தில் கிடந்தவன் எவ்வாறு பார்ப்பது?"

"அதான் சொல்றேன். மயக்கம் குடுக்கறதே அதுக்குத்தான். பாரின் ஸ்க்ரூவ எவனாவது தொடைக்குள்ள போட்டுத் தைப்பானா? வெளிய வித்துட்டு, உள்ளூரு ஆணிய வச்சு அட்ச்சிருப்பானுங்க. நானா இருந்தா அத்தான் செய்வேன்."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குள் அது இறங்கிவிட்டது. அன்றுமுதல் நான் நோயாளியாக இருப்பதைவிட்டு ஒற்றனானேன். அறுவைக்கூடத்துப் பணியாளரின் மணிக்கட்டில் புதிய கடிகாரம் ஒன்று மின்னியது. புண்ணுக்குக் கட்டுப்போட வரும் கம்பவுண்டர் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. செவிலித்தாய் ஒருத்தி எனக்கு மட்டும் தலையணை ஒன்றைக் கூடுதலாகக் கொணர்ந்தாள். எதை மறைக்க இந்தப் பரிவு என்று எண்ணினேன். பெரிய டாக்டரே வந்து, "அந்த ஸ்க்ரூவை யார் சார் கொண்டுவந்தது? எந்தக் கம்பெனின்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டபோது, பழியை எங்கள்மேல் திருப்பப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி, "நினைவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

சவரியிடம் சொன்னேன். அவன் முகம் கறுத்தது. "எக்ஸ்ரேல தெரியாதா மாமா?"

"எல்லா உலோகமும் அதில் வெள்ளையாகத்தான் தெரியுமாம்."

"வச்சுக்கறேன்," என்று போனவன், மறுநாள் பார்வை நேரத்தில் சட்டைக்குள் ஒரு காந்தத்தை மறைத்துக்கொண்டு வந்தான். பட்டறையில் அரத்தூள் பொறுக்கும் பெரிய குதிரைலாடக் காந்தம். எங்கள் பக்கத்தில் எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும் பெண்கள்கூடக் காந்தத்தை வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். பிலோமினா திரைபோல் புடைவைத் தலைப்பை விரித்துக்கொண்டு நின்றாள். சவரி காந்தத்தை என் இடுப்பருகே கொண்டுவந்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இழுக்குது! இரும்பு! சாமியே, இரும்பு வச்சுக்கீறானுங்க!" என்று கூவினான்.

"நான் சொல்லல?" என்று தேசப்பன் மாவுக்காலோடு எழுந்தேவிட்டார்.

செவிலித்தாய் ஓடிவந்தாள். காந்தத்தைப் பிடுங்கினாள், அதனோடு சேர்ந்து, என் கட்டைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கும் கழன்று வந்தது. வார்டே சிரித்தது. ஊக்கை நீக்கிவிட்டு மீண்டும் வைத்துப் பார்க்க அவளே இசைந்தாள். இப்பொழுது ஒட்டவில்லை. நியாயமாக அத்தோடு என் ஐயம் தீர்ந்திருக்க வேண்டும். "சதை தடிப்பா கீது, அதான் எட்டல," என்றார் தேசப்பன். அதையே நம்பினேன்.

பெரிய டாக்டர் என் கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்தார். உள்ளிருக்கும் உலோகம் முழுவதையும் எடுத்தாக வேண்டும். விட்டால் எலும்பு மேலும் கரையும், காலையே இழக்க நேரலாம். புண் ஆறியபின் உலோகப் பந்து பொருத்தலாம் என்றார். நான் மறுத்தேன். மறுபடி மயக்கம், மறுபடி அதே கைகள். எடுப்பதைத் தூக்கி எறிந்துவிட்டால் என் கையில் என்ன சான்று இருக்கும்? பிலோமினா அழுதாள், பங்குச் சாமியார் வந்து அறிவுரை கூறினார். கசிவு நாளுக்கு நாள் மிகுந்தது. காலை அசைத்தால் உள்ளே நறநறவென்று ஓர் ஓசை எனக்கே கேட்டது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தேன்.

"வெளியே எடுக்கும் ஒவ்வொரு துண்டும் என் கைக்கு வர வேண்டும். என் மைத்துனன் அறுவைக்கூட வாயிலில் நிற்பான்."

அவர் சினப்படவில்லை. "தாராளமா சார். எனக்கும் அதைப் பாக்கணும்," என்றார். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அதையும் ஐயுற்றேன்.

மயக்கம் தெளிந்த மறுநாள் முற்பகல், பிலோமினா கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள். தேசப்பனைக் கட்டு மாற்ற அழைத்துப் போயிருந்தார்கள். சவரி மட்டும் அருகில் இருந்தான். பெரிய டாக்டர் ஒரு வெள்ளைத் தட்டைக் கொணர்ந்து, மேல்துணியை விலக்கினார்.

திருகாணிகள் புத்தம் புதியனபோல் மின்னின. சவரி ஒன்றை எடுத்துத் தலையை வெளிச்சத்தில் திருப்பினான். அதே நுண்ணெழுத்து. இன்னொன்றை எடுத்தான், அதிலும் அதே. எல்லாம் நாங்கள் கொடுத்தவையே. ஒன்றுகூட மாறவில்லை.

தகடுதான் பார்க்கக் கூடாததாய் இருந்தது. திருகாணி அமர்ந்த ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சொத்தைப்பல்லைப் போலக் கறுத்துக் குழிந்து, ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது.

"சுத்தியிருந்த சதையும் கரி மாதிரி இருந்தது," என்றார் டாக்டர். "வெட்டி எடுத்துட்டேன். சார், கவனமா கேளுங்க. இந்தத் தகடு நல்ல உலோகம். உங்க ஸ்க்ரூ அதைவிட நல்ல உலோகம். தனித்தனியா ரெண்டும் ஆயுசுக்கும் கிடக்கும். ஆனா ரெண்டும் வேற வேற ஜாதி. உப்புத்தண்ணியில ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுக் கிடந்தா, ஒசந்தது மத்ததை அரிக்க ஆரம்பிச்சிடும். நம்ம உடம்புக்குள்ள இருக்கறது உப்புத்தண்ணிதானே? போதாததுக்கு நீங்க நடக்கற ஒவ்வொரு அடிக்கும் ரெண்டும் உரசும். எவர்சில்வருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு, அதுதான் காவல். உரச உரச அந்தத் தோல் போயிடும். அந்தத் தூள்தான் சதையில ஊறி, கருப்பா கசிஞ்சது."

நான் உடனே நம்பவில்லை. தம் தகட்டின் குறையை மறைக்க எங்கள் திருகாணியின்மேல் பழி சுமத்துகிறார் என்றே முதலில் எண்ணினேன். பிறகு சவரியின் முகத்தைப் பார்த்தேன்.

அவன் கையிலிருந்த திருகாணியைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மாமா, கப்பலு பின்னால வெண்கல விசிறி கீது இல்ல? அது பக்கத்துல கப்பலு உடம்புல துத்தநாகக் கட்டி அடிப்போம். ஏன்னா, வெண்கலமும் இரும்பும் கடத்தண்ணில ஒண்ணா நின்னா வெண்கலம் இரும்பத் தின்னுடும். அதுக்குப் பதிலா கட்டியத் தின்னட்டும்னுதான் அடிக்கறது. புதுசா வர்ற ஆளுங்களுக்கு நான்தான் மாமா அத்தச் சொல்லித் தர்றேன்." தகட்டின் குழிகளைப் பார்த்தான். "மனுசன் உள்ளயும் கடலுதான்னு எனக்குத் தோணவே இல்ல."

பெரிய டாக்டர் தட்டை மூடினார். "உங்களுக்குத் தோணணும்னு இல்லப்பா. எனக்குத் தோணியிருக்கணும். அன்னைக்கு நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். அந்தம்மா அழுதாங்க, ஒசந்த பொருள்தானேன்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னது நேர்மையா, பழகிய நாவா என்று அப்பொழுதும் மனம் ஒரு கணம் தராசைத் தூக்கியது. ஆனால் வேறோர் எண்ணம் அதைக் கீழே தள்ளிவிட்டது. இந்த மருத்துவமனையில் ஒரு திருடன் இருக்கிறான் என்று இத்தனை நாளும் நம்பிக் கிடந்தேன். ஒருவன் இருந்திருந்தால், எங்கள் திருகாணிகளை விற்றுவிட்டு அவர்களுடையதையே வைத்திருந்தால், நான் இன்று பள்ளியில் நின்றுகொண்டிருப்பேன்.

பிலோமினா திரும்பி வந்தாள். தேசப்பனும் கட்டிலுக்குத் திரும்பியிருந்தார். தட்டைத் திறந்தவள், திருகாணிகளைப் பார்த்ததும் சிலுவையிட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா! என் தம்பி கொண்டாந்தது எப்டி பளபளன்னு கீது! அவங்க தகடு பாரு, அழுகிப்போன கத்திரிக்கா மாதிரி."

"பாரின்னா பாரின்தாம்மே!" என்று தேசப்பன் கட்டிலில் தட்டினார். "அவனுங்க திருடல, ஆனா தகட்டுல கைய வச்சிட்டானுங்க. ஊருக்கே சொல்லுவேன்."

சொன்னபடியே செய்தார். அவரைப் பார்க்க வந்த காசிமேட்டுக்காரர்கள் வழியாக அது இராயபுரம் கடைத்தெருவரை போய்ச் சேர்ந்தது. மறுநாள் பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தபோது, பிலோமினா அவர் காதுபடவே மறுபடியும் தகட்டைப் பழித்தாள். அவர் கேட்டும் கேளாதவர்போல் என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்குமுன் கட்டிலின் கால்மாட்டில் நின்ற சவரி பேசிவிட்டான்.

"அக்கா, தகட்டத் திட்டாதே. அது ஒண்ணும் பண்ணல. நான் கொண்டாந்ததுதான் அத்தத் தின்னுச்சு."

பிலோமினா தம்பியை வெகுநேரம் பார்த்தாள். பின்னர் டாக்டரைப் பார்த்தாள்.

"யாருடா உன்னை இப்டிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல அக்கா."

"மாதா பாதத்துல வச்சு எடுத்தாந்தேன்டா நான்."

அவள் மூடியைக் கையில் பிடித்தபடி, நான் கஞ்சி குடித்து முடிக்கும்வரை நின்றாள். அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மறுநாள் அவனுக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தாள். நம்பிவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

நேற்றுப் பெரிய டாக்டர் அந்த உலோகப் பந்தைக் கொணர்ந்து காட்டினார். பந்தும் தண்டும் ஒரே உலோகம், ஒரே வார்ப்பு. தண்டு தொடையெலும்பின் உள்ளே இறங்கிவிடும், திருகாணியே இல்லை. சவரி கைகழுவி வந்து வாங்கி, எங்கேனும் இணைப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிக்கொண்டே போனான்.

"யப்பான்ல இதைவிட சோக்கா வருதாம், வாத்யாரே," என்றார் தேசப்பன். "சொல்லி வைக்கட்டா?"

"ஏலத்த கடக்கரையோட வச்சுக்க நைனா," என்றான் சவரி, தலை நிமிராமல்.

நான் டாக்டரைக் கேட்டேன்: "இந்தப் பந்து என் இடுப்புக் குழியைத் தேய்க்காதா?"

"தேய்க்கும் சார். மெதுவா. எத்தனை வருசம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

என்னை ஏமாற்ற நினைப்பவர் அவ்விடை சொல்லியிருக்கமாட்டார். இசைவு தந்துவிட்டேன். புண் உலர்ந்ததும் அறுவை.

பழைய திருகாணிகள் தலைமாட்டு மேசையின்மேல் அந்த வெள்ளைத் தட்டிலேயே திறந்தபடி கிடக்கின்றன. மூடி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுக் கடிகாரம் கட்டிய பணியாளர், கண்ணைப் பார்க்காத கம்பவுண்டர், தலையணை தந்த செவிலித்தாய் என நான் ஐயுற்ற ஒவ்வொருவரும் நாள்தோறும் அவற்றைக் கடந்து போகிறார்கள். ஒருவரும் எடுப்பதில்லை.